பெங்களூரில் பழைய வீடியோ கேம் வாங்கப் போகிறவர்களுக்கு: முதல் தடவை கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்ததும், சின்ன வயதில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த டிவி கேமை இப்போது நாமே வாங்கலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று 1990களில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள், கான்ட்ரா கேசட், அதற்குப் பிறகு வந்த பிளேஸ்டேஷன் என எல்லாமே இந்த ஊரின் சின்னச் சின்ன பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் முதல் தடவை போகிறவர் எதைக் கேட்பது, எதைச் சோதிப்பது என்று தெரியாமல் தூசி துடைத்த பெட்டியைப் பார்த்து மயங்கிவிடுவார். இந்தக் கட்டுரை அவருக்காக.

இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிடக் கடைக்கு நேரில் போவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். கடையில் ஒரு டிவி இருக்கும், மின்சாரம் இருக்கும், மெஷினைத் திறந்து பழகிய ஒரு மனிதர் இருப்பார். இருபது, முப்பது வருடம் ஓடிய சாமானை உங்கள் கண் முன்னால் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியது

உங்களுக்கு எந்த விளையாட்டு வேண்டும்? மெஷினைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். சூப்பர் மாரியோவும் கான்ட்ராவும்தான் ஆசை என்றால் கேசட் போடுகிற பழைய டிவி கேம் போதும். நிண்டெண்டோ என்ற ஜப்பானியக் கம்பெனி 1983இல் தன் நாட்டில் விட்ட ஃபேமிகாம் என்ற மெஷினின் நகல்கள்தான் நம் ஊரில் பெரும்பாலும் ஓடின. அந்தக் கேசட்டின் வாயில் 60 பின், அதாவது மெஷினைத் தொடும் உலோகக் கோடுகள். அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ மெஷினின் கேசட் 72 பின். ஒன்றின் கேசட் மற்றதில் நுழையாது. இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிக் குழப்பம் தீரும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2). இது 2000இல் வந்தது, 2013 வரை தயாரிப்பில் இருந்தது, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. அதனால் உதிரிப் பாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். பழைய பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளும் அதிலேயே ஓடும். கூடவே ஒரு தேடல் வேண்டும் என்பவர்களுக்கு: 2009இல் ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற பிஎஸ்2 டிஸ்க் கண்ணில் பட்டால் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டிலேயே தயாரான விளையாட்டு அது. நம் அலமாரியில் அதற்கு ஓர் இடம் உண்டு.

டிவி வைக்க இடமில்லாத பிஜி அறையில் இருக்கிறீர்களா? நிண்டெண்டோவின் கேம் பாய், சோனியின் பிஎஸ்பி மாதிரிக் கையில் வைத்து ஆடுவதைப் பாருங்கள். இன்னொரு வசதியும் அதில் இருக்கிறது. கேம் பாயின் கேசட்டும் பிஎஸ்பியின் விளையாட்டு டிஸ்க்கும் எந்த நாட்டில் வாங்கியதாக இருந்தாலும் ஓடும். பிளேஸ்டேஷன் 1, 2 அப்படியல்ல. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பிரித்துப் பூட்டியிருப்பார்கள்.

பையில் என்ன போட்டுக்கொள்வது

டபுள் ஏ செல் நான்கு. முதல் கேம் பாய்க்கு நான்கும் வேண்டும், கேம் பாய் கலருக்கு இரண்டு போதும். கடையில் செல் இருக்காது, இருந்தாலும் தீர்ந்துபோயிருக்கும். ஒரு ஒயர் இயர்போன், காது குடையும் பஞ்சுக் குச்சி கொஞ்சம், நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு டிஸ்க் அல்லது கேசட் (நண்பரிடம் கடன் வாங்கியாவது). போனில் டார்ச் இருக்கிறது, அது போதும்.

எங்கே தேடுவது

எஸ்.பி. ரோடு எனப்படும் சதர் பத்ரப்பா சாலையில் இருந்து தொடங்குங்கள். டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கம். நம்ம மெட்ரோவின் பச்சைத் தடத்தில் சிக்பேட்டை அல்லது கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கம்ப்யூட்டர் பாகங்களும் எலக்ட்ரானிக்ஸும்தான் அங்கே பிரதானம். பழைய கேம் வைத்திருக்கும் கடைக்குப் பெரும்பாலும் பெரிய போர்டு இருக்காது. மாடிப்படிக்குக் கீழேயோ சந்துக்குள்ளேயோ இருக்கும். கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

மெஜஸ்டிக் பக்கம் காந்தி நகரில் நேஷனல் மார்க்கெட் இருக்கிறது. டிஸ்க் விளையாட்டுகள், ஜாய்ஸ்டிக், மெமரி கார்டு எல்லாம் அங்கே பார்க்கலாம். ஞாயிறு காலையில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் நடைபாதையில் விரிக்கும் பழைய சாமான் சந்தை தனி ரகம். விடியற்காலையில் போனால்தான் சரக்கு இருக்கும். ஆனால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது, ஓட்டிப் பார்க்க வழியில்லை. முதல் மெஷினை அங்கே வாங்காதீர்கள். கேசட்டோ ஒயரோ வேண்டுமானால் தாராளமாகத் தேடலாம்.

கடைக்குள் போனதும்

வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் எந்தக் கடைக்காரருக்கும் உங்களுக்காக மெஷினை எடுத்து ஒயர் மாட்ட நேரம் இருக்காது.

இந்தக் கடைகளில் கன்னடம், உருது, தமிழ், இந்தி எல்லாம் கலந்து ஓடும். "அண்ணா" என்று கூப்பிட்டால் கன்னடத்திலும் அதே அண்ணாதான். தமிழ் தெரிந்தவராக இருந்தால் அவரே தமிழுக்கு மாறிவிடுவார். இல்லையென்றால், "அண்ணா, ஒந்து சல டெஸ்ட் மாடி தோரிஸ்தீரா?" என்று கேளுங்கள். ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீர்களா என்று அர்த்தம். உடைந்த கன்னடமாக இருந்தாலும் பரவாயில்லை. முயன்று பேசுகிறவரிடம் இந்த ஊர்க்காரர்கள் காட்டும் கனிவு தனி.

விலையை முதலில் கேட்காதீர்கள். எது தேடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "சின்ன வயசுல வீட்ல சாமுராய் இருந்துச்சுண்ணா, அதே மாதிரி பீஸ் இருக்கா?" என்று கேட்டால், அவர் முன்னால் அடுக்கி வைத்ததை விட்டுவிட்டு உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வாய்ப்பு உண்டு. அலமாரியில் இருப்பதை நீங்களாக இழுக்க வேண்டாம். ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்னால்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பெங்களூரில் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அதிகம். அவர்கள் கொண்டுவந்து விற்ற மெஷின்கள் இந்தக் கடைகளில் நிறைய. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் பழைய தடித்த பிஎஸ்2, முதல் எக்ஸ்பாக்ஸ் மாதிரியான மெஷினில் 120 வோல்ட் என்று எழுதியிருந்து அதை நேராக நம் பிளக்கில் சொருகினால் பவர் சப்ளை போய்விடும். எனவே மெஷினைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படியுங்கள். பிளேஸ்டேஷன் என்றால் எஸ்சிபிஎச் (SCPH) என்று தொடங்கும் மாடல் எண்ணும் அங்கேயே இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த வோல்ட் மெஷின் என்றால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும், ஆனால் அந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தனி அடாப்டர் உள்ள மெஷினில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வோல்ட் பொருந்தினால் மட்டும் போதாது, பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதும் பொருந்த வேண்டும். சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற கேசட் மெஷினின் முதல் மாடலில் நடுமுனை மைனஸ், இரண்டாவது மாடலில் பிளஸ். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனாலும் எதிரெதிர். மெஷினிலும் அடாப்டரிலும் சின்ன வட்டமும் கோடுமாக ஒரு படம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது பின் ஜாய்ஸ்டிக்கிலும் இதே எச்சரிக்கை. நம் டிவி கேமின் ஜாய்ஸ்டிக்கும் சேகாவின் ஜாய்ஸ்டிக்கும் பார்க்க ஒரே சொருகு மாதிரி இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேறு. மாற்றி மாட்டாதீர்கள்.

கேசட் மெஷினைச் சோதிப்பது

கேசட்டின் வாயை டார்ச்சில் பாருங்கள். செம்பு நிறக் கோடுகள் கறுத்திருந்தால் துடைத்துக்கொள்ளலாம், பச்சை பூத்து அரித்திருந்தால் வேண்டாம். வாயால் ஊதுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. மூச்சின் ஈரம் அந்த உலோகத்தை அரிக்கும் என்பதால் நிண்டெண்டோவே ஊத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

படம் வந்தவுடன் சந்தோஷப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஓடட்டும். சூடானபிறகுதான் சில மெஷின்களில் படம் கோடு கோடாக உடையும். கேசட்டை லேசாகத் தொட்டாலே படம் போகிறதென்றால் சொருகும் இடத்தின் பின்கள் தளர்ந்துவிட்டன.

ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கான்ட்ரா கேசட்டைப் போட்டு, தலைப்புப் படம் வந்ததும் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். ஆட்டம் 30 உயிரோடு தொடங்கினால் நான்கு திசையும் இரண்டு பட்டனும் சரியாக வேலை செய்கின்றன. கொனாமி கம்பெனி 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டில் முதலில் வைத்த குறுக்குவழி இது. நம் ஊரில் ஓடிய பல கேசட்டுகள் மாற்றப்பட்டவை, எதுவும் அழுத்தாமலே 30 உயிர் தந்துவிடும். அதனால் முதலில் சும்மா ஸ்டார்ட் அழுத்தி எத்தனை உயிர் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு சோதியுங்கள். மாரியோவில் பி-யை அழுத்திப் பிடித்து ஓடிக்கொண்டே ஏ-யால் குதித்துப் பார்ப்பதும் நல்லது. ரப்பர் தேய்ந்த பட்டன் அங்கேதான் தெரியும்.

துப்பாக்கியோடு வாத்து சுடும் ஆட்டத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். திரை ஒளிரும் நேரத்தை வைத்துத்தான் அது குறி பட்டதா என்று கணிக்கிறது. இன்றைய எல்சிடி, எல்ஈடி டிவியில் வாத்து ஒன்றுகூட விழாது. பிக்சர் டியூப் டிவியும் சேர்த்துத் தேடுவீர்கள் என்றால் பின்மூடியை நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

டிஸ்க் மெஷினும் டிஸ்க்கும்

அசல் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் கறுப்பு. பிஎஸ்2 விளையாட்டு சிடியாக வந்திருந்தால் நீலம், டிவிடியாக வந்திருந்தால் வெள்ளி. ஊதா கலந்த நிறம் தெரிந்தால் வீட்டில் எழுதிய காப்பி. கடைக்காரர் காப்பி டிஸ்க் போட்டுக் காட்டினால், அது ஓடுவதற்காக மெஷினில் சிப் வைத்தோ வேறு வழியிலோ மாற்றியிருக்கிறார்கள். இந்த ஊரில் அப்படி மாற்றிய பிஎஸ்2 ஏராளம். அதனால் அசல் டிஸ்க் ஓடாமல் போய்விடாது, ஆனால் எந்த நிலையில் உள்ள மெஷின் என்பதைத் தெரிந்து வாங்குங்கள். அசல் டிஸ்க்கையே தேடி வாங்குங்கள் என்பது என் விருப்பம். அந்த உறை, சின்னப் புத்தகம், அட்டைப் படம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விளையாட்டு.

கீறலைப் பற்றி எல்லோரும் அடிப்பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு மேலே, படம் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. படத்துப் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் எந்தப் பாலிஷும் காப்பாற்றாது. டிஸ்க்கை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசி முனை ஓட்டை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

பிஎஸ்2-வில் ஒரு நீல டிஸ்க்கும் ஒரு வெள்ளி டிஸ்க்கும் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸ் களைத்த மெஷின் ஒன்றைப் படித்து இன்னொன்றைப் படிக்காமல் போகலாம். டக் டக் என்று தொடர்ந்து சத்தம் வந்தால் லென்ஸ் தடுமாறுகிறது. பிறகு மெமரி கார்டைப் போட்டு, ஆட்டத்தைச் சேமித்து, மெஷினை அணைத்து, மறுபடி போட்டு, சேமித்தது இருக்கிறதா என்று பாருங்கள். சோனியின் சொந்தக் கார்டு 8 எம்பிதான். 64, 128 என்று போட்டு விற்கும் மலிவான கார்டுகளில் சேமித்தது திடீரென்று காணாமல் போவது வழக்கம், வாங்காதீர்கள்.

கையில் வைத்து ஆடுபவை

செல் போடும் அறையைத் திறந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்பியில் பேட்டரி மூடி சமமாக மூடவில்லை, உப்பியிருக்கிறது என்றால் அந்த பேட்டரியைத் தொடவே வேண்டாம், வேறு பேட்டரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இயர்போனைச் சொருகிச் சத்தத்தைக் கேளுங்கள்.

மடக்கும் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் இரண்டு வகைத் திரை உண்டு. வெளிச்சப் பட்டனை அழுத்தும்போது வெளிச்சம் முழுவதும் அணைந்தால் பழைய ஏஜிஎஸ்-001 (AGS-001) மாடல். குறைவு, அதிகம் என்று மட்டும் மாறினால் ஏஜிஎஸ்-101, திரை மிகத் தெளிவு, விலையும் அதிகம் சொல்வார்கள்.

போலிக் கேசட் அதிகம் புழங்குவது போக்கிமான் விளையாட்டு வரிசையில்தான். கேம் பாய் அட்வான்ஸ் அசலின் லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திப் பதித்த சின்ன எண் ஒன்று தெரியும். வாய்ப்பக்கம் உற்றுப் பார்த்தால் உள்ளே பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கும். அந்த வரிசையின் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் தொடங்கும்போது உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் பயப்படாதீர்கள். கடிகாரம் மட்டும்தான் நிற்கும், சேமித்தது அழியாது. ஆனால் அதற்கு முந்தைய கோல்டு, சில்வரில் பேட்டரி தீர்ந்தால் சேமித்ததே போய்விடும். சால்டரிங் செய்து புது பேட்டரி போடுவாரா என்று அந்தக் கடையிலேயே கேளுங்கள்.

விலையும் பில்லும்

எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். கண்ட குறைகளை மரியாதையாகச் சொல்லிக் கேட்டாலே குறைப்பார்கள். "ரெண்டாவது ஜாய்ஸ்டிக்ல பி பட்டன் லேசா இழுக்குதுண்ணா, அதுக்கு ஏத்த மாதிரி போட்டுக் குடுங்க" என்பது, "இந்தப் பழசுக்கு இவ்வளவா?" என்று கேட்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த மெஷினை யாரோ குப்பையில் போட இருந்ததை எடுத்து, உட்கார்ந்து சுத்தம் செய்து, ஓட வைத்தவர் அவர். அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லாவிட்டால் இந்தக் கடைகள் இருக்காது.

செக்கிங் வாரண்டி எத்தனை நாள் என்று கேளுங்கள். வீட்டில் ஓட்டிப் பார்த்துக் கோளாறு இருந்தால் மாற்றித் தருவதற்கான அவகாசம் அது. வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு துண்டுச் சீட்டிலாவது மாடல் எண்ணும் தேதியும் எழுதி வாங்குங்கள். அடாப்டர், ஏவி ஒயர், இரண்டு ஜாய்ஸ்டிக் எல்லாம் விலையில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சொருகுகள் இல்லையென்றால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டியும் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும்

99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கேசட்டின் செம்புக் கோடுகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். எஸ்.பி. ரோட்டில் சால்டரிங் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். வாரண்டி நாட்களுக்குள் ஒரே மூச்சாக இரண்டு மூன்று மணி நேரம் ஆடிப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, மெஷினோடு வந்த எல்லா ஒயரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். கடையில் வேறு அடாப்டர் போட்டு ஓடிவிட்டால் குறை எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் கடைக்காரருக்குப் போன் செய்து அடுத்து எந்தக் கேசட் தேடுகிறீர்கள் என்று சொல்லி வையுங்கள். சரக்கு வந்ததும் முதலில் உங்களைக் கூப்பிடுவார்.